அக்சலோட்டல் குஞ்சு வளர்ப்பு (மலையகம்)

அக்சலோட்டல், மெக்சிக்கோ நகரின் தெற்கேயுள்ள சொச்சிமில்கோ வாய்க்கால்களைத் தாயகமாகக் கொண்ட, வாலுள்ள ஈரூடகவாழி. அறிவியற்பெயர் அம்பிஸ்டோமா மெக்சிகானம். தவளையைப் போல உருமாறிக் கரையேறாமல், கழுத்தோரச் செவுள்களுடன் ஆயுள் முழுவதும் நீரிலேயே வாழ்ந்து, அந்தக் கோலத்திலேயே இனம்பெருக்கும். 1864இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 34 விலங்குகளில் ஆறு, ஓகுஸ்த் துமெரில் என்ற விலங்கியலாளரிடம் சேர்ந்தன. அவை அடுத்த ஆண்டே முட்டையிட்டன. தொட்டியில் வளர்க்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது. தாயகத்திலோ நிலைமை வேறு. 1998இல் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 என்று கணிக்கப்பட்ட தொகை, 2014இல் 36 ஆகச் சுருங்கிவிட்டது.

சொச்சிமில்கோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கை மலையகத்தின் நுவரெலியா 1,868 மீற்றர். அக்சலோட்டலுக்கு உகந்த நீர்வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ். 24 பாகையைத் தாண்டினால் இரையை வெறுத்து நோயில் விழும். கொழும்பில் இதை வளர்க்கக் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில், வெயில் படாத மூலையில் ஒரு பேசின் போதும். தாழ்வாக அமைந்த அட்டனில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை.

தண்ணீர்

குளிர் இலவசமாகக் கிடைத்தாலும் தண்ணீர் அப்படியில்லை. தோட்டங்களில் பீலியிலும் குழாயிலும் வருவது பெரும்பாலும் ஊற்றுநீர். அதில் குளோரின் இருக்காது என்பது நன்மை. ஆனால் தேயிலை மலைக்குக் கீழே எடுக்கும் நீரில் களைகொல்லி கலந்திருக்கலாம். மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே பூச்சிகொல்லியும் சேரும். ஈரூடகவாழிகளின் தோல் நீரில் கரைந்திருப்பதை உள்ளிழுக்கும் தன்மையது. ஆகவே மருந்தடிக்கும் மலைக்கு மேலே, காட்டோரத்தில் பிடித்த நீரே குஞ்சுகளுக்கு ஏற்றது. நகரக் குழாய்நீரை ஒருநாள் திறந்துவைத்து, குளோரின் போனபின் பயன்படுத்தலாம். மலை ஊற்றுநீர் பொதுவாக மென்னீர், சற்று அமிலத்தன்மையும் இருக்கும். அக்சலோட்டலுக்கோ கொஞ்சம் வன்னீரே நல்லது. ஆய்வுகூடங்கள் இதற்காகவே உப்புகளை அளந்து கலக்கின்றன.

குஞ்சுகளுக்கு வடிகட்டி இயந்திரம் ஆகாது, உறிஞ்சி இழுத்துவிடும். ஆழமற்ற பாத்திரத்தில் வைத்து, நாளுக்கு ஒரு முறையாவது நீரை மாற்ற வேண்டும். மாற்றும் நீர் பழைய நீரின் வெப்பத்திலேயே இருக்கட்டும். மிஞ்சிய இரை அழுகினால் அமோனியா சேரும். குஞ்சுச் சாவுக்கு முதற் காரணம் அதுதான்.

முட்டையிலிருந்து கால் முளைக்கும் வரை

ஒரு பெட்டை ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரம் வரை முட்டையிடும். அத்தனையையும் வளர்க்க ஆசைப்படுவது தவறு. முதல் இரண்டு நாட்களுக்குள் இருபது முப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை உறையவைத்து அகற்றிவிடுவதே பொறுப்பான முறை.

முட்டைகள் இரண்டு மூன்று வாரங்களில் பொரிக்கும். குஞ்சு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். கால்கள் இல்லை, உடல் ஊடுதெரியும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வயிற்றிலுள்ள மஞ்சட்கரு போதும். அதன்பின் உயிருள்ள இரை வேண்டும், ஏனெனில் குஞ்சு அசையும் பொருளை மட்டுமே கவ்வும். தூளாக்கிய மீன்தீனியைப் போட்டால் தீண்டாது. தண்ணீர் கெடுவதுதான் மிச்சம்.

ஆர்ட்டீமியா என்ற உவர்நீர் இறாலினத்தின் குஞ்சுகளே வழக்கமான முதல் இரை. ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பிட்டு, உலர்முட்டையைப் போட்டுக் காற்றூட்டினால் 24 முதல் 36 மணித்தியாலத்தில் பொரிக்கும். ஆனால் அதற்கு 26 பாகை அளவில் சூடு வேண்டும். மலையகத்தில் பலருக்குத் தவறுமிடம் இதுவே. குஞ்சு விரும்பும் குளிரில் இரை பொரிக்காது. ஆர்ட்டீமியாப் போத்தலை மின்குமிழின் கீழோ குசினி அடுப்பருகிலோ வைத்துச் சூடுகாட்ட வேண்டும். பொரித்தவை வெளிச்சம் நோக்கித் திரளும். அவற்றை மட்டும் உறிஞ்சியெடுத்து, மெல்லிய சீலையில் வடித்து, நன்னீரில் அலசிக் காலையும் மாலையும் கொடுக்கலாம். கோதுகள் கலக்கக்கூடாது. உண்ட குஞ்சின் வயிறு தோலினூடே செம்மஞ்சளாகத் தெரியும். வயிறு வெளிறியிருந்தால் அது பட்டினி கிடக்கிறது. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணித்தியாலங்களில் இறந்துவிடும், எச்சத்தைத் துளிசொட்டியால் எடுத்துவிட வேண்டும். நீர்த்தெள்ளு நன்னீரிலேயே உயிரோடிருக்கும் என்பதால் இன்னும் வசதி. ஆனால் ஓடையிலோ குட்டையிலோ அள்ளினால் தும்பிக் குடம்பியும் அட்டையும் கூடவே வரும். தனித் தொட்டியில் வளர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

முன்கால்கள் முதலில் முளைக்கும், பின்கால்கள் பிறகு. இந்த இடைக்காலத்தில் ஒன்றையொன்று கடிக்கும். காலும் செவுளும் போகும். இழந்த கால் மீண்டும் வளரும் என்பதற்காக நெருக்கமாக விடக்கூடாது. பெரியவற்றைப் பிரித்து, பசியில்லாமல் வைத்திருந்தால் சேதம் குறையும். ஐந்து சென்ரிமீற்றர் ஆனதும் நறுக்கிய மண்புழு கொடுக்கலாம்; அதுவும் மருந்து படாத மண்ணிலிருந்து.

ஓடையில் விடக்கூடாது

இலங்கையில் வாலுள்ள ஈரூடகவாழி இயற்கையில் இல்லை. தவளை, தேரை இனங்களும் மண்புழு போன்ற காலில்லா இக்தியோபிஸ் இனங்களுமே உண்டு. மண்ணுக்குள் முட்டையைச் சுற்றி வளைந்து காக்கும் இக்தியோபிஸ் தாயையும், இறகுபோன்ற செவுளுள்ள அதன் கருவையும் 1880களில் இங்கு வந்து ஆராய்ந்தவர்கள் பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்போர். 2004இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட அடெனோமஸ் கண்டியானஸ் என்ற சிறு தேரை சிவனொளிபாதமலைக் காட்டில் மீளக் கிடைத்த செய்தி 2012இல் வெளியானது. இத்தகைய அரிய உயிர்கள் வாழும் ஓடைகள் இவை.

கொழும்புக் கால்வாயில் விட்ட அக்சலோட்டல் வெப்பத்தில் செத்துவிடும். நுவரெலியா ஓடையில் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த ட்ரவுட் மீன் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் பெருகுவதே இதற்குச் சான்று. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை அக்சலோட்டல் நோய்க்குறி காட்டாமலே சுமக்கக்கூடும். எனவே தொட்டி நீரையும் கானிலோ ஓடையிலோ ஊற்றக்கூடாது. வெளிற்றுந்தூள் கலந்து கிருமிநீக்கியபின்பே அகற்ற வேண்டும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அக்சலோட்டல் இடம்பெற்றுள்ளது. இலங்கைக்குள் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. வாங்க நினைப்பவர்கள் முதலில் விற்பவரிடம் அந்த அனுமதியைக் கேளுங்கள். வளர்க்க முடியாமற்போனால் இன்னொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள், ஓடையில் விடாதீர்கள்.