சட்டாம்பிள்ளையிலிருந்து நடுகல் வரை

1792-ல் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது, அங்கே நிலவரி நிர்ணயிக்க அலெக்சாண்டர் ரீட் தலைமையில் வந்த இளம் அதிகாரிகளில் தாமஸ் மன்றோவும் ஒருவர். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களில் ஏழாண்டு அலைந்த அவர், பிற்பாடு சென்னை ஆளுநரானார். மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று 1822-ல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டவரும் அவர்தான். 12,498 பள்ளிகள் என்று 1826-ல் தொகை தேறியது.

பல ஊர்களில் பள்ளி என்றால் திண்ணைதான். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையும் எழுத்தாணியும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அடிநிலை வகுப்புக்கு ஆசானாக்கினார். 1797-ல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது.

அந்தத் திண்ணையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் அங்கே அரிது, சாதி பலரை வாசலிலேயே நிறுத்தியது, பிரம்பும் இருந்தது. வரலாறும் பூகோளமும் தனிப் பாடங்களாக இல்லை. அவை பின்னர் அரசுப் பாடத்திட்டத்தில் நுழைந்தபோது, மன்னர் பெயரும் ஆண்டும் ஒப்பிக்கும் பாடமாகச் சுருங்கின. தான் கற்றதை இன்னொரு பிள்ளைக்கு விளக்கும் வாய்ப்பு அதில் காணாமல் போனது. இவை சேர்ந்த சமூக அறிவியலைக் கண்டு மாணவர் மிரள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வாய்ப்பு திரும்ப வெகுகாலம் ஆயிற்று. மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில் உருவான அட்டை வழிக் கற்றலைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. பாடத்தைத் தானே படித்து, மனவரைபடம் போட்டு, குழுவில் பேசி, வகுப்பின் முன் நின்று சொல்ல வேண்டும். முதல் நாள் குரல் எழும்பாத பிள்ளைக்கும் கையில் தான் வரைந்த தாள் இருக்கிறது. அதைப் பார்த்துப் பேசலாம்.

இப்படிப் பார்த்துப் பேசிக் கற்கக் கிருஷ்ணகிரியைவிடத் தோதான மாவட்டம் கிடைப்பது கடினம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும், மடிந்த வீரர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஒரு கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, வீரன் கையில் என்ன ஆயுதம், உடலில் அம்பு தைத்திருக்கிறதா, பக்கத்தில் மாடு இருக்கிறதா, மேலே அவனைத் தூக்கிச் செல்வது யார் என்று கேட்டால் போதும். இவை கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய விடைகள். மனப்பாடத்தில் பின்தங்கும் பிள்ளைதான் பல சமயம் அம்பை முதலில் காண்கிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகளாக இருக்கும் ஓசூர் வகுப்பறையில், ஒரே கல்லைப் பற்றிப் பிள்ளைகள் நான்கு மொழிகளில் பேசத் தொடங்கலாம். எழுதும்போது தமிழுக்கு வரலாம்.

இப்படிப் பழகிய வகுப்புக்கு அடுத்த பாடமும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையின் இரும்புக் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான, வேறொரு மாவட்டத்துச் சிவகளை அகழாய்வு முடிவுகள் தமிழகத்தின் இரும்புக் காலத்தை அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னே கொண்டுபோயின. மூன்றாண்டுக்குள் விடை மாறியது எப்படி, எந்த மாதிரியை எந்த ஆய்வகம் சோதித்தது என்று தேடி வந்து வகுப்பில் விளக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்புக் குழு ஒன்றிடமே ஒப்படைக்கலாம்.