இருளரும் மானியமும் மனசும்

எங்கள் ஓரிக்கையிலிருந்து உத்திரமேரூர் வரை, ஏரிக்கரை ஓரங்களில் இருளர் குடும்பங்களைப் பார்க்காதவர் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். எலி பிடிக்க, பாம்பு பிடிக்க, மூலிகை கேட்க அவர்களைத்தான் தேடுவோம். அவர்களுக்காக அரசு ஒதுக்கிய பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் படுத்துவிட்டது. 1978ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. விஷம் எடுத்து விற்றுச் சில நூறு பேர் பிழைத்தார்கள். மற்றவர்களில் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும், செங்கல் சூளைக்கும், மரம் வெட்டவும் போனார்கள். வாங்கிய கடன் சிறியது. அதை அடைக்க உழைத்த வருஷங்களோ பல.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. 1978ல் மீட்கப்பட்ட ஒருவருக்கு மறுவாழ்வு உதவி 4,000 ரூபாய். அது 2000ல் 20,000 ஆயிற்று. 2016 திட்டத்தில் ஆளைப் பொறுத்து 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்ட மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். அப்போது ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விடுதலைச் சான்றிதழ் கையில் வந்ததும் பயம் போய்விடாது. இரவில் தூக்கம் வராது. உரக்கப் பேசினால் உடம்பு நடுங்கும். வலியை மறக்கக் குடி வரும். பணம் வந்தாலும் இதெல்லாம் கூடவே இருக்கும்.

மனநலத்துக்கு அரசுத் திட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, முதல் நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. ஆனால் டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் இருளருக்கு அன்றைய கூலி போகும். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாத இடத்தில் மனசை யார் திறப்பார்கள்?

2023 நவம்பரில் ஜன்மன் திட்டம் வந்தது. மூன்று வருஷத்துக்குச் சுமார் 24,000 கோடி. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கான இந்தப் பணத்தில் இருளருக்கும் பங்கு உண்டு. வீடு, சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவ வண்டி என்று இனங்கள் 11. எல்லாம் தேவைதான். ஆனால் மனநலம் தனி இனமாக இல்லை. நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவன். கணக்குத் தலைப்பு இல்லாத செலவுக்கு ஒரு ரூபாய் பில்லும் பாஸாகாது.

வழி இல்லாமல் இல்லை. நீலகிரி கூடலூரில் 1990ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, பழங்குடிப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. சொந்த ஜனம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்கிறது.

உத்திரமேரூர் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இதைச் செய்யலாம். படித்த இருளர் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். குடியிருப்புக்கு ஒருவரைப் பயிற்றுவித்து, மாதச் சம்பளம் கொடுத்து, மாவட்ட மனநல டாக்டரோடு இணைத்தால் போதும். கட்டடம் வேண்டாம். பட்ஜெட்டில் ஒரு தலைப்பு வேண்டும். கிராமசபையில் பேசுபவர்கள் நம்மில் பலர் உண்டு. வீடும் தெருவிளக்கும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.