வாசல் வரை வந்து திரும்பியவர்



விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் யார் என்று கேட்டால், எங்கள் பிள்ளைகள் தயங்காமல் ராகேஷ் சர்மா என்பார்கள். அவரோடு அதே கலத்தில் சென்ற மற்ற இருவர் யாவர் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். வாசலைக் கடந்தவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. வாசல் வரை வந்து திரும்பியவரை எளிதில் மறந்துவிடுகிறது. அப்படித் திரும்பிய ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

1984 ஏப்பிரல் 3 ஆம் திகதி பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி-11 புறப்பட்டது. தலைவர் யூரி மாலிஷெவ். பொறியியலாளர் கென்னடி ஸ்ட்ரெகலோவ். மூன்றாமவர் இந்திய விமானப்படை அதிகாரி ராகேஷ் சர்மா. மறுநாள் அக்கலம் சல்யூட்-7 விண்வெளி நிலையத்துடன் இணைந்தது. அங்கே முன்பே தங்கியிருந்த மூவரையும் சேர்த்து ஆறு பேராயினர்.

இணைந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டோம். அது அத்தனை எளிதன்று. வத்தேகமவில் புணரியல் படிப்பிக்கும்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு: விண்வெளி நிலையம் நிலைமொழி, வரும் கலம் வருமொழி. ஆனால் இங்கே நிலைமொழியும் நிற்பதில்லை. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் அது பூமியைச் சுற்றுகிறது. அருகருகே சம வேகத்தில் ஓடும் இரு புகையிரதங்களில் ஒன்றிலிருப்பவருக்கு மற்றது நிற்பதுபோலத் தோன்றுமல்லவா? அந்த நிலைக்கு வந்தபின், நடந்து செல்பவரின் வேகத்திலும் குறைந்த வேகத்தில் கலம் நிலையத்தைத் தொடவேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. தாழ்ந்த பாதையில் சுற்றுவதே விரைவாகச் சுற்றும். ஆகவே முன்னே செல்வதைப் பிடிக்க விரும்பும் கலம் முதலில் தாழ்ந்தே செல்கிறது.

சர்மாவின் அருகில் அமர்ந்திருந்த ஸ்ட்ரெகலோவுக்கு அந்த வாசல் புதியதன்று. 1983 ஏப்பிரலில் திதோவ், செரெப்ரோவ் ஆகியோருடன் சோயுஸ் டி-8 கலத்தில் இதே சல்யூட்-7 ஐ நாடிச் சென்றவர் அவர். நிலையத்தை நெருங்குவதற்கு வழிகாட்டும் அன்ரனா ஏவுதலின்போதே பழுதாகிவிட்டது. கண்ணை நம்பியும், தரையிலிருந்து வந்த கணிப்பை நம்பியும் நெருங்கிப் பார்த்தார்கள். பூமியின் நிழலுக்குள் இருள் சூழ்ந்தது; வேகம் மிகுதி, மோதிவிடக்கூடும் என்று கண்ட திதோவ் கலத்தை விலக்கிக்கொண்டார். நிலையம் கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தும் மூவரும் பூமிக்குத் திரும்பினர்.

அதே ஆண்டு செப்ரெம்பர் 26 இல் திதோவும் ஸ்ட்ரெகலோவும் மீண்டும் முயன்றனர். இம்முறை ஏவுமுன்பே ரொக்கட் தீப்பற்றியது. அது வெடித்துச் சிதறுவதற்குச் சில வினாடிகளுக்கு முன்னர், உயிர்காப்பு ரொக்கட் அவர்கள் இருந்த கூண்டை இழுத்துச் சென்று ஏறத்தாழ நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் இறக்கியது. இருவரும் உயிர்தப்பினர். அதற்கு ஆறு மாதங்களின் பின் ஸ்ட்ரெகலோவ் சர்மாவோடு புறப்பட்டார். சல்யூட்-7 இன் வாசல் மூன்றாம் முயற்சியிலேதான் அவருக்குத் திறந்தது.

அண்மைக்காலமும் இதையே சொல்கிறது. 2024 டிசம்பர் 30 இல் இந்தியா ஏவிய இரண்டு சிறு செய்மதிகள் 2025 ஜனவரியில் இணைய வேண்டியிருந்தன. நாள் இருமுறை தள்ளிப்போயிற்று. பின்னர் மூன்று மீற்றர் இடைவெளி வரை நெருங்கியும் அவை விலக்கிக்கொள்ளப்பட்டன. 16 ஆம் திகதியே அவை இணைந்தன. அவ்வாண்டு ஜூன் 26 இல் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த இந்தியர் சுபான்ஷு சுக்லாவின் பயணமும் பலமுறை பிற்போடப்பட்டதே. சர்மாவுக்கும் அவருக்கும் இடையே 41 ஆண்டுகள்.

விலகத் தெரிந்தவருக்கே இணையவும் முடிகிறது. இருளில் திதோவ் விலகாதிருந்தால் கலமும் நிலையமும் என்னவாகியிருக்கும்? அந்தப் பின்வாங்கல் தோல்விக் கணக்கில் எழுதப்பட்டாலும், அடுத்த ஆண்டின் வெற்றிக்கு உயிரோடு ஒருவரைக் கொடுத்தது அதுவே.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றிப் பல்கலைக்கழகம் புக முயலலாம். பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் சிலர், முதல் தடவை தவறியதும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த தடவை எழுதுவதற்கு அவர்களைத் தடுப்பது வறுமை மட்டுமன்று, வெட்கமுந்தான். அவர்களைக் காணும்போது நான் சர்மாவின் பெயரைச் சொல்வதில்லை. ஸ்ட்ரெகலோவ் என்ற, நாவில் எளிதில் வராத அந்தப் பெயரையே சொல்லிக் கொடுக்கிறேன்.