பனிவெளியில் ஓர் அடுப்பு

துருவப் பயணங்களின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், கொடி நாட்டிய நாளையும் நாட்டியவர் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அப்பயணிகள் எதைப் பருகினார்கள், அதை எவ்வாறு பெற்றார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. எனக்கோ, அவ்வரலாற்றின் பெரும் பகுதி ஒரு சமையற் கலத்துள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அக்கலத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பனிப்பாலையில் எத்திசை நோக்கினும் நீர்தான்; ஆயினும் பருகுவதற்கு ஒரு துளியும் இராது. அத்தனையும் உறைந்து கிடக்கும். பனியை அப்படியே தின்றால் அது உடலின் சூட்டைக் கவர்ந்துகொள்ளும். ஆகவே அதை உருக்கியாக வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டியை, அதன் சூட்டைச் சிறிதும் உயர்த்தாமல் வெறும் நீராக்குவதற்கே 80 கலோரி வெப்பம் தேவை என்று நீங்கள் பௌதிக நூலில் படித்திருப்பீர்கள். அதே வெப்பம் ஒரு கிராம் நீரைச் சுழியிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. நம் வீட்டில் தேநீர் கொதிக்கும் நிலையை நெருங்கும் நேரத்தில், அங்கே பனி அப்போதுதான் நீராகியிருக்கும்!

இவ்வளவு வெப்பத்துக்கும் வேண்டிய எண்ணெயைப் பயணிகளே சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துச் செல்ல வேண்டும். எண்ணெய் மிகுந்தால் உணவைக் குறைக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தாகத்தால் வாட வேண்டும். இந்த இடுக்கணை நன்கு உணர்ந்தவர் நார்வே நாட்டு அறிஞர் நான்சென்.

அவர் 1888ஆம் ஆண்டில் தம் தோழர் ஐவருடன் கிரீன்லாந்துப் பனிமேட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அவர்கள் கொண்டு சென்றது எரிசாராய அடுப்பு. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தமையால் பருகும் நீரும் அளவுக்கு உட்பட்டதாயிற்று. குப்பிகளில் பனியை அடைத்து, மார்போடு அணைத்து வைத்து, உடற்சூட்டாலேயே உருக்கிக் குடித்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1892இல், சுவீடன் நாட்டைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட் என்பவர் திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைச் செய்து முடித்தார். அதுவே ‘பிரைமஸ்’. காற்றை அடித்து அழுத்தம் ஏற்றினால், எண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி, நீலச் சுடராய்ப் புகையின்றி எரியும். நம் தமிழ் இல்லங்களில் பல்லாண்டுகள் இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

சுடர் சிறந்ததாகிவிட்டது. ஆனால் அதன் வெப்பத்தில் பெரும் பங்கு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கலந்துவிடுமாயின் பயன் என்ன? நான்சென் தம் கருத்தைக் கலத்தின்பால் செலுத்தினார். நடுவே உணவு வேகும் பாத்திரம். அதைச் சுற்றி வளையம்போல் மற்றொரு பாத்திரம். இரண்டுக்கும் மேலே பனி நிரம்பிய தட்டையான கலம். எல்லாவற்றையும் மூடி ஓர் உறை. சுடரிலிருந்து எழும் சூடான காற்று நடுப்பாத்திரத்தைத் தழுவி மேலேறும். மேற்கலத்தின் அடியைத் தடவும். பிறகு வளையப் பாத்திரத்தின் வெளிப்புறமாகக் கீழிறங்கி வெளியேறும். செல்லும் வழியெல்லாம் அது தன் சூட்டைக் கப்பமாகச் செலுத்திவிட்டே செல்ல வேண்டும். உணவு வேகும் அதே நேரத்தில் பருகுவதற்கான பனியும் உருகிவிடும்.

1895ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நான்சென்னும் யோஹான்சென் என்ற தோழரும் ‘பிராம்’ கப்பலைவிட்டு வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 20 லிட்டர் மண்ணெண்ணெய் அவர்களுக்குச் சுமார் 120 நாட்கள் வந்தது. நாளொன்றுக்கு இருமுறை சுடுணவு, வேண்டிய அளவு நீர். கணக்கிட்டுப் பாருங்கள்: இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் செலவான எண்ணெய் நம் ஆழாக்கு அளவே! துருவத்தை அவர்கள் எட்டவில்லை. எனினும் அதுவரை எவரும் சென்றிராத வட அகலக்கோட்டை எட்டி, உயிருடன் மீண்டார்கள்.

நல்ல அடுப்பும் நல்ல கலமும் இருந்தால் மட்டும் போதுமா? 1912ஆம் ஆண்டு சனவரியில் தென்துருவத்தை அடைந்த ஸ்காட் குழுவினரிடம் இவ்விரண்டும் இருந்தன. ஆனால் திரும்பும் வழியில், முன்பே வைத்துச் சென்ற தகரங்களில் எண்ணெய் குறைந்திருந்தது. மூடிகளில் இருந்த தோல் வளையங்கள் கடுங்குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. அக்குழுவின் மறைவுக்குக் காரணங்கள் பல. எண்ணெய்க் குறைவும் அவற்றுள் ஒன்று. இறுதி மூவரும் அடுத்த சேமிப்பிடத்துக்கு 11 மைல் தொலைவில் கூடாரத்திலேயே உயிர் நீத்தார்கள்.

இதே பாடம் இமயத்திலும் கற்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் லாம்பெர்ட்டும் நம் டென்சிங்கும் எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில் ஓர் இரவைக் கழித்தார்கள். அடுப்பு இல்லை, மெழுகுவத்தியின் சுடரில் சிறிது பனியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் சிகரத்தை எட்டாமலே திரும்பினார்கள். உயரத்தில் மூச்சு வாங்க வாங்க உடலின் நீர் வற்றுகிறது என்பதை ஆராய்ந்த பியூ என்ற ஆங்கில உடலியல் அறிஞர், ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு லிட்டர் பானம் வேண்டும் என வற்புறுத்தினார். எனவே அடுத்த ஆண்டுப் பயணத்தில் அடுப்புகளுக்குத் தனிக் கவனம் கிடைத்தது. 1953 மே 28ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் ஹில்லரியும் டென்சிங்கும் பனியை உருக்கி, சர்க்கரை கலந்த எலுமிச்சைப் பானத்தை வயிறாரப் பருகினார்கள். மறுநாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சிகரத்தில் நின்றார்கள்.

பிராணவாயுக் கருவியும் உடல் வலிமையும் மன உறுதியும் அவ்வெற்றிக்கு உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அடுப்பை மறந்து எழுதப்படும் வரலாறு குறையுடையது என்பேன். இந்நாளில் மலையேறுவோர் சிலர், அடிப்புறத்தில் மெல்லிய உலோக மடிப்புகள் பொருத்திய பாத்திரங்களை எடுத்துச் செல்கிறார்கள். அம்மடிப்புகள் சூடான காற்றைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தி, அதன் வெப்பத்தைப் பாத்திரத்துக்குள் செலுத்துகின்றன. வடிவம் புதிது, கருத்து நான்சென்னுடையதே.

மாணவர்களே, சுடரைப் பெருக்குவதைக் காட்டிலும், எழுந்த சூட்டை வீணாக்காமல் காப்பதே அவர் கண்ட வழி. உங்கள் வீட்டு அடுப்பருகே ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். பாத்திரத்தின் பக்கங்களில் உங்கள் கையைச் சுடும் வெப்பம் அனைத்தும் உணவுக்குப் போய்ச் சேராத வெப்பமே. அதைச் சேர்ப்பதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?