லங்கா ராணியும் மாதங்கியும்

ஈழத்தமிழரின் அலைவைப் பற்றி ஒரே குடும்பத்தில் இருவர் எழுதியிருக்கிறார்கள். தந்தை 1978 இல் தமிழில் ஒரு நாவல் எழுதினார். மகள் 2003 முதல் ஆங்கிலத்தில் பாட்டெழுதிப் பாடி வருகிறார். நாவலை வாசித்த நம்மவர்களில் மகளின் பாட்டைக் கேட்டவர்கள் மிகச் சிலர். மகளின் பாட்டைக் கேட்ட உலகமோ அப்படி ஒரு நாவல் இருப்பதையே அறியாது. தந்தையின் பெயர் அருட்பிரகாசம். ‘அருளர்’ என்றால் பழையவர்களுக்குப் புரியும். மகள் மாதங்கி. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அழைக்கிறது. இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் நடந்த களியாட்ட விழாவில் பொலிசாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே ஏற்பட்ட தகராறு பொறியாயிற்று. வதந்தி தெற்கே பரவியது. தென்னிலங்கையிலும் மலையகத்திலும் தமிழர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. ஓய்வுபெற்ற பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான விசாரணை ஆணைக்குழு பின்னர் இவற்றைப் பதிவுசெய்தது. கொழும்பு முகாம்களில் திரண்ட அகதிகளை வடக்கே அனுப்புவதற்குக் கப்பல்கள் ஏற்பாடாயின. அவற்றுள் ஒன்றுதான் ‘லங்கா ராணி’ என்ற சரக்குக் கப்பல்.

வரைபடத்தில் பார்த்தால் கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமாக நேரே மேலே ஏறிவிடலாம் போலிருக்கும். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கடல் ஆழமற்றது. பெரிய கப்பல் அந்த வழியால் போகாது. எனவே தெற்கே இறங்கி, காலியைச் சுற்றி, கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலையைக் கடந்து, பருத்தித்துறை முனையில் திரும்பித்தான் காங்கேசன்துறைக்கு வரவேண்டும். அடித்து விரட்டப்பட்ட மனிதர்கள் ஏறக்குறைய முழுத் தீவையும் சுற்றிக்கொண்டு ‘சொந்த ஊர்’ வந்து சேர்ந்தார்கள்.

எங்களூர் தெல்லிப்பழை. காங்கேசன்துறை கூப்பிடு தூரம். எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் இருந்த பெரியப்பா குடும்பம் அந்த நாட்களில் கப்பலில்தான் வந்தது. எந்தக் கப்பல் என்று கேட்கும் வயது எனக்கு இல்லை. பெரியம்மா படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு பாரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி. கால்பகுதியைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களின் வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒரு பாரம் இறங்கியிருக்கும்.

அருளரின் ‘லங்கா ராணி’ 1978 இல் வெளிவந்தது. கொழும்பிலிருந்து வடக்கே வரும் அந்தக் கப்பற் பயணமே நாவலின் களம். அரசாங்க உத்தியோகத்தை நம்பித் தெற்கே போன யாழ்ப்பாணத்தான் முதற்கொண்டு பலவகைத் தமிழரும் ஒரே தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். பேசுகிறார்கள், தர்க்கிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டுகிறார்கள். இலக்கியமாகப் பார்த்தால் குறைகள் உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் மனிதராகப் பேசாமல் துண்டுப்பிரசுரமாகப் பேசுகின்றன. ஆனால் இனக்கலவரத்தை ‘நடந்தது, முடிந்தது’ என்று விடாமல், எங்கள் சமூகத்தின் குமாஸ்தாக் கனவை அதற்குள்ளேயே வைத்து விசாரித்த துணிவு அந்தக் காலத்தில் அபூர்வம். கப்பல் என்ற ஒரே களத்துக்குள் ஒரு இனத்தை முழுவதுமாக ஏற்றிவிட்டது நல்ல நாவலாசிரியனுக்குரிய உத்தி.

இங்கே ஒரு தவறைத் திருத்தவேண்டும். 2005 இல் மகள் புகழ்பெறத் தொடங்கியபோது மேலைநாட்டுப் பத்திரிகைகள் பலவும் அவரை ‘தமிழ்ப் புலியின் மகள்’ என்றே எழுதின. அப்படி ஒரு செய்தி எங்கள் மேசைக்கும் வந்தது. தலைப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போட முனைந்த இளம் உதவி ஆசிரியருக்கு நான் அரைமணி நேரம் வரலாறு சொல்லவேண்டியிருந்தது. அருளர் புலி அல்லர். 1975 இல் இலண்டனில் இளையதம்பி இரத்தினசபாபதி முதலியோரோடு சேர்ந்து ஈரோஸ் அமைப்பைத் தொடக்கியவர்களில் ஒருவர் அவர். மலையகத் தமிழரையும் ஈழம் என்ற கருத்துக்குள் சேர்த்துச் சிந்தித்தது ஈரோஸ். பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தொடர்பால் 1976 இல் லெபனானுக்குப் பயிற்சிக்குப் போன முதல் ஈழத்தவர்களில் அருளரும் ஒருவர். எண்பதுகளின் இயக்கங்களையெல்லாம் ஒரே பெயரில் அடக்குவது வெளிநாட்டு நிருபருக்கு வசதியாக இருக்கலாம். நாமும் அதைச் செய்யலாகாது.

மாதங்கி 1975 ஜூலை 18 அன்று இலண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். தந்தை தலைமறைவு வாழ்க்கையில் இருந்தார். எப்போதாவது இரவில் வந்துபோகும் அவரைப் பிள்ளைகளுக்கு ‘மாமா’ என்றே அறிமுகம் செய்து வைத்திருந்தார்கள் என்று மாதங்கி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இராணுவம் விசாரித்தால் பிள்ளை வாய்தவறி ‘அப்பா’ என்று சொல்லிவிடக்கூடாது. யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார். இடையில் தாயோடும் உடன்பிறந்தோரோடும் சென்னையில் வறுமையில் கழிந்த காலமும் உண்டு. திரும்பவும் யாழ்ப்பாணம். 1986 இல், பதினோராவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, அகதியாக இலண்டன் சேர்ந்தார். தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

பாட்டுக்காரியாக அவர் பயிற்சி பெறவில்லை. சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது திரைப்படம். 2001 இல் யாழ்ப்பாணம் வந்தார். போரில் காணாமற்போன தம் ஒன்றுவிட்ட சகோதரனைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது நோக்கம். அப்படம் முடியவில்லை. ஆனால் ‘மிஸ்ஸிங் இன் அக்‌ஷன்’ என்ற தொடரின் முதலெழுத்துகள் அவருடைய மேடைப்பெயராயின. காணாமற்போனோரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட பாடகி வேறு யாரும் இருப்பதாக நான் அறியேன்.

ரோலண்ட் 505 என்ற சிறிய தாளக் கருவி ஒன்றை வைத்துப் படுக்கையறையில் அமைத்த மெட்டுகள் அவை. முதற் பாட்டான ‘கலாங்’ 2003 இல் 500 இசைத்தட்டுகளே அச்சானது. 2005 இல் முதல் தொகுப்பு வந்தது, பெயர் ‘அருளர்’. இணையத்தில் தம் பெயரைத் தேடினால் தந்தை மகளைக் கண்டடைவார் என்பது அவருடைய கணக்கு. கணக்குப் பலித்தது. பெயரை மாற்றச் சொல்லித் தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாக மகளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசுப் பட்டியலில் அத்தொகுப்பு இடம்பெற்றது.

இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரில்: ‘கலா’, 2007. என் மதிப்பில் இதுவே அவருடைய உச்சம். தமிழர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருக்கவேண்டும். 2006 இல் அமெரிக்கா விசா மறுத்தது. பெரிய தயாரிப்பாளர்களோடு அங்கே ஒலிப்பதிவு செய்யும் திட்டம் குலைந்தது. அவர் ஊர் ஊராகப் போனார். இந்தியா, திரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உறுமிமேளக்காரர்களை வரவழைத்து வாசிக்கவைத்தார். ‘போய்ஸ்’ என்ற பாட்டிலும் ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டிலும் அந்த உறுமி கேட்கும். தொகுப்பின் முதற் பாட்டான ‘பம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்து இளையராஜாவின் இசைத்துணுக்கு ஒன்று கலந்திருக்கிறது. தமிழ்க்காது அதை உடனே அடையாளம் காணும், நியூயோர்க்கில் ஆடியவர்களுக்கு அது தெரிந்திருக்காது. கோயில் வீதியிலும் இழவு வீட்டிலும் ஒலிக்கும் தோற்கருவியை எங்கள் சபாக்கள் மேடையேற்றவில்லை. இவர் இலண்டன் நடனவிடுதியில் ஏற்றினார்.

அதே தொகுப்பில்தான் ‘பேப்பர் பிளேன்ஸ்’. விசா மறுப்பின் எரிச்சலில் பிறந்த பாட்டு. பிரித்தானியாவின் ‘த க்ளாஷ்’ குழு 1982 இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசையை எடுத்து, அதன்மேல் துப்பாக்கிச் சத்தத்தையும் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையையும் வைத்தார். குடியேறி என்றாலே கள்ளக் கடவுச்சீட்டுக்காரன், பணத்துக்கு வந்தவன் என்று கருதும் பார்வையைக் கேலி செய்வது பாட்டின் வேலை. 2008 இல் அது அமெரிக்கப் பில்போர்ட் வரிசையில் 4 ஆம் இடம்வரை ஏறியது. விசா மறுத்த நாட்டிலேயே.

2009 பெப்ரவரி 8. கிராமி விருது மேடை. ஜே-சீ, கன்யே வெஸ்ட், ரி.ஐ., லில் வெய்ன் என்ற நால்வரோடு நிறைமாதக் கர்ப்பிணியாக மாதங்கி பாடினார். பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியர்கள் குறித்திருந்த தேதியே அன்றுதான். சில நாட்களில் மகன் பிறந்தான். அதே மாதம் 22 அன்று ஒஸ்கார். ரஹ்மானோடு சேர்ந்து ‘ஸ்லம்டோக் மில்லியனேர்’ படத்துக்குச் செய்த ‘ஓ சாயா’ பரிந்துரையில் இருந்தது. ரஹ்மானின் மற்றொரு பாட்டு விருதை வென்றது. அந்த வாரங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்தப் பக்கத்து வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த இடத்திலெல்லாம் அவர் அதைச் சொன்னார். இனப்படுகொலை என்ற சொல்லையே பயன்படுத்தினார். அவ்வளவு பெரிய மேடைகளை எட்டக்கூடிய தமிழர் அன்று வேறு யார் பேசினார் என்று எண்ணிப் பார்க்கிறேன். விரல்கள் மிஞ்சுகின்றன.

அதற்கு விலையும் கொடுத்தார். 2010 மே மாதம் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. உயர்தர உணவுவிடுதியில் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டு ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பேசுகிறார் என்ற சித்திரம் அதில் இருந்தது. அந்த வறுவலைச் சொல்லித் தூண்டியவரே செய்தியாளர்தான் என்பதைக் காட்டும் ஒலிப்பதிவை மாதங்கி வெளியிட்டார். வெவ்வேறு இடங்களில் பேசியதை ஒன்றாகச் சேர்த்து மேற்கோளாக்கியதை அந்தப் பத்திரிகை ஆசிரியர் குறிப்பொன்றில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. முப்பது வருடமாகப் பேட்டி எடுத்துவரும் எனக்கு அந்த வித்தை புதிதல்ல. பேட்டி கொடுப்பவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்ததுதான் புதிது.

அந்த 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பல் 492 ஈழத்தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரும் தடுத்துவைக்கப்பட்டார்கள். 1977 இன் கப்பல் தீவைச் சுற்றியது. இது பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. ஐந்து வருடம் கழித்து, மத்தியதரைக் கடலில் சிரிய அகதிகள் மூழ்கிக்கொண்டிருந்தபோது, மாதங்கி ‘போர்டர்ஸ்’ பாட்டையும் அதற்கான காணொளியையும் வெளியிட்டார். காணொளியின் இயக்குநரும் அவரே. அதில் மனிதர்கள் முட்கம்பி வேலியில் ஏறுகிறார்கள். உடல்களை அடுக்கி அடுக்கித் தாங்களே ஒரு படகாக உருக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ‘லங்கா ராணி’யின் தளம்தான் நினைவுக்கு வந்தது. தந்தை நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதாடியதை மகள் ஒரு படிமத்தில் முடித்திருந்தார். தந்தையின் நாவலை மகள் வாசித்தாரா என்பது இதற்கு அவசியமே இல்லை.

அவருடைய எல்லாக் கருத்துகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2020 இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் எழுதியவை எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் அவரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எழுவது அவருடைய உடை, 2012 அமெரிக்கக் காற்பந்து இறுதிப்போட்டி மேடையில் காட்டிய விரல், பாட்டில் சுதி இல்லை என்ற குறை. ‘அவை பாட்டே இல்லை’ என்று ஒரு சங்கீத ஆசிரியர் என்னிடம் தீர்ப்பளித்தார். எந்தப் பாட்டைக் கேட்டீர்கள் என்றேன். ஒன்றும் கேட்டதில்லையாம். 2013 இல் அவர் தன் தொகுப்புக்குத் தன் பெயரையே இட்டார்: ‘மாதங்கி’. சங்கீதத்துக்குரிய தெய்வம் அவள், அதேவேளை தீட்டென்று ஒதுக்கப்பட்டோரின் தெய்வம். சங்கீத ஆசிரியருக்கு இது தெரியாமலிருக்காது.

2022 இல் வந்த ‘மாதா’ தொகுப்பில் ஒரு பாட்டின் தலைப்பு ‘புத்தி’. ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல்லாகவே.

பிரித்தானிய அரசு 2019 ஜூனில் அவருக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தது. அருளர் அந்த ஆண்டின் இறுதியில் காலமானார். அடுத்த மாதம், 2020 ஜனவரியில், மாதங்கி அரண்மனைக்குப் போய்ப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். தாயை முன்னிட்டே அதை ஏற்றதாகச் சொன்னார். 1986 இல் வந்த நாளிலிருந்து தாய் செய்த தையல் வேலை, அரசியார் வழங்கிய அந்தப் பதக்கங்களைக் கையால் தைப்பது.