செவிவழிச் சாட்சியம்

'சாட்சி' வடமொழி வழி வந்த சொல். கண்ணைக் குறிக்கும் 'அக்ஷ' அதனுள் இருக்கிறது. நேரில் கண்டவரே சாட்சி. முன்னால் 'செவிவழி' சேர்ந்தால், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது. சாட்சிக்கு நம் பழஞ்சொல் 'கரி'.

கண்டதைக் கண்டவரே சொல்லவேண்டும் என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அது 55ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

கோட்டுச்சேரிமேட்டில் மீன்வண்டி ஓட்டும் ஒருவரின் லைசென்ஸை முடக்க நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'தாறுமாறாக ஓட்டியதாகப் பொதுமக்கள் கூறினர்' என்பதே ஆதாரம். ஒரு குடும்பத்தின் பிழைப்பை நிறுத்த இது போதவே போதாது. ஆனால் போக்குவரத்து அலுவலகம் நீதிமன்றமல்ல. துறை விசாரணையில் கேள்விப்பட்டதையும் ஏற்கலாம், அது நம்பத்தக்கதாகவும் விஷயத்தோடு தொடர்புடையதாகவும் இருந்தால் என்று 1977இல் ஹரியானா பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 'இருந்தால்'தான் ஓட்டுநருக்குப் பிடி. சொன்னவர் யார், அவர் நேரில் பார்த்தாரா என்று எழுத்திலேயே கேட்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், ஓட்டுநர் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதிய பிறகே தகுதிநீக்கம் என்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்.