அலுமாரியில் கிடக்கும் காமன் கூத்து

மலையக வரலாற்றுக்கு ஆவணமே இல்லைனு சொல்றவங்க லயத்து அலுமாரியைத் திறந்து பார்த்திருக்க மாட்டாங்க. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, கல்யாணம், சாவு என்று 2000களில் வீடியோ பிடிச்சதில் நிறைய இறுவட்டாகத்தான் கிடக்குது. இப்போ போட்டா பாதியில நிக்குது.

சில வட்டுகள் எழுதும்போதே பழுதானவை. லேசரின் வேகத்துக்குக் கணினி தரவைக் கொடுக்காட்டி வட்டு அதோட வீண். விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பத்தை சான்யோ நிறுவனம் 2000இல் கொண்டுவந்தது. அது இல்லாத பழைய ரைட்டர்களில் வேகத்தைக் குறைச்சு, வேற எதையும் திறக்காம எழுதணும். கரண்ட் போனா? அதுக்கு எந்த நுட்பமும் உதவாது.

மற்றவை வச்ச இடத்திலேயே கெட்டவை. தரவு பதிவது ஒரு சாயப் படலத்தில். அதுக்கு வெயில் ஆகாது. அதன் மேலுள்ள பளபளக்கும் படலத்துக்கு ஈரம் ஆகாது. ஹட்டன், நுவரெலியா ஈரத்தைச் சொல்லவா வேணும்? சிடியில் அந்தப் படலம் பெயர் எழுதுற பக்கத்துக்குச் சற்று அடியிலேயே இருக்கு. அங்கே ஆழமாகக் கீறினா மருந்தே இல்லை. கீழ்ப்பக்கத் தூசியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கலாம், வட்டமா வேண்டாம். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடத்துக்குத் திரும்பி வரும்.

முழுசா வராட்டியும் வந்தவரைக்கும் நாங்க பிரதி எடுக்கிறோம். ரதி யார், மதன் யார், எந்த டிவிசன், எந்த வருசம் என்று பெரியவங்ககிட்ட கேட்டு கூடவே எழுதியும் வைக்கிறோம்.